கடுமையான தலைக்காயம்: மூளைக்குச் சர்க்கரையோடு லாக்டேட், கீட்டோன் கொடுப்பது பலன் தருமா?

கரிசல்காடு

வணக்கம். சொந்தத்தில் ஒரு பையன், வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து வென்டிலேட்டரில் இருக்கிறான். மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் ஜிசிஎஸ் மதிப்பெண் 6 என்றார்கள். டாக்டர்கள் நன்றாகத்தான் பார்க்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழப்பமெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான். "அடிபட்ட மூளையால் சர்க்கரையை எரிக்க முடியாது, தேங்காய் எண்ணெயைக் குழாயில் விட்டால் கீட்டோன் உண்டாகி மூளை விழித்துக்கொள்ளும்" என்று ஒரு ஃபார்வர்டு. சித்தப்பா செக்கு எண்ணெய் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கே கிளம்பிவிட்டார். கலிபோர்னியாவில் இருக்கும் மச்சான் வேறு, லாக்டேட் ஏற்றுவது பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். நான் பள்ளியில் படித்தபோது லாக்டேட் என்றால் ஓடினால் காலில் சேரும் கழிவு. அதைப் போய் மூளைக்கு ஏற்றுவார்களா?

பையனுக்கு வைத்தியம் கேட்டு வரவில்லை. விஷயம் புரிந்தால் வீட்டில் நாலு பேருக்குப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஐசியூராத்திரி

முதல் வேலையாகச் சித்தப்பாவிடமிருந்து அந்தப் பாட்டிலை வாங்கி வையுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் வெளி ஆள் எதையும் விடக்கூடாது. எண்ணெய் எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் வரும் நிமோனியா லேசில் ஆறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பையனுக்குத் தூக்க மருந்தாகப் புரொபோஃபால் ஓடிக்கொண்டிருக்கலாம். வெள்ளையாக ஒரு சிரிஞ்சு பம்பில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் 10 சதவீதம் சோயா எண்ணெய்தான், ஒரு மில்லிக்கு 1.1 கலோரி. அது ஓடும்போது மேலும் கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைத்தால், புரொபோஃபாலின் அரிதான, ஆனால் உயிரையே எடுக்கக்கூடிய ஒரு பக்கவிளைவுக்கு வழி விடுவதாக ஆகும் என்ற பயம் எங்களுக்கு உண்டு.

ஆனால் அந்த ஃபார்வர்டு முழுப் பொய்யும் இல்லை. எங்கோ உண்மையான ஆராய்ச்சியில் ஆரம்பித்து, வாட்ஸ்அப்பில் கால் கை முளைத்து வந்திருக்கிறது. உயிர்வேதியியல் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

நொதிக்காரி

கூப்பிட்ட மாதிரி இருந்தது, வந்துவிட்டேன்.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். சேமிப்பு என்று அதனிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. வழக்கமான எரிபொருள் குளுக்கோஸ்.

பலத்த அடி விழுந்ததும் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, நரம்புச் செல்களைத் தூண்டும் குளுட்டமேட் வெள்ளமாகப் பாய்கிறது, கால்சியம் உள்ளே ஏறுகிறது. எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இறைக்க செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி நிறைய வேண்டும். அதனால் முதல் சில நாட்கள் மூளை குளுக்கோஸை வெறியோடு உடைக்கிறது. 1997இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு இதைப் பெட் ஸ்கேனில் மனிதர்களிடமே காட்டியது. அந்தக் கட்டம் தணிந்ததும் நேர் எதிராக, குளுக்கோஸ் பயன்பாடு கீழே இறங்கி வெகுநாள் அப்படியே கிடக்கும்.

இதில் ரத்த ஓட்டம் குறைவது ஒரு பகுதி மட்டும்தான். அதே லாஸ் ஏஞ்சலஸில் பால் வெஸ்பா குழு 2005இல் எழுதியதைப் பாருங்கள்: மூளை எரிபொருளைச் சரியாக எரிக்க முடியாமல் திணறும், வளர்சிதை நெருக்கடி என்று அவர்கள் சொல்லும் நிலை 25 சதவீத அளவில் தென்பட்டது. உண்மையான ரத்தக்குறைவு 2.4 சதவீதம்தான். வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது, அடுப்புதான் பற்ற மாட்டேன் என்கிறது. செல்லுக்குள் அடுப்பு வேலை பார்க்கும் மைட்டோகாண்ட்ரியா, கால்சியம் ஏறித் தடுமாறுகிறது. குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை அந்த அடுப்புக்குள் அனுப்பும் பைருவேட் டீஹைட்ரோஜினேஸ் நொதி மந்தமாகிறது. டிஎன்ஏ பழுதைச் சரிபார்க்கும் வேலை என்ஏடி என்ற துணைப்பொருளைத் தின்று தீர்க்கிறது. சர்க்கரை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அடுப்பு மக்கர் செய்யும்போது வேறு வாசல் வழியாக எரிபொருளை நுழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கீட்டோன் என்பது கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் எரிபொருள். அது நேராக, அடுப்பில் எரியத் தயாரான அசிட்டைல் கோஏ ஆகிவிடும், அந்த மந்தமான நொதியைத் தொடவே வேண்டாம். லாக்டேட் ஒரே படியில் பைருவேட் ஆகும், மேலே இருக்கும் பத்துப் படி மிச்சம். சக்சினேட் என்ற இன்னொரு பொருள் இன்னும் உள்ளே போய், மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டாவது காம்ப்ளெக்ஸிலேயே சேர்ந்துகொள்ளும்.

லாக்டேட் கழிவு என்பது பழைய பாடம். பெர்க்லியின் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்தே அது உடலுக்குள் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் எரிபொருள் என்று சொல்லிவருகிறார். இதயம் அதை ஆசையாக எடுத்துக்கொள்ளும். 1994இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பெல்லரினும் மஜிஸ்ட்ரெட்டியும், மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் லாக்டேட் செய்து பக்கத்து நியூரான்களுக்குக் கொடுக்கின்றன என்றார்கள். அதில் சண்டை இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை. தலைக்காயப்பட்டவரின் ரத்தக் குளுக்கோஸே எங்கிருந்து வருகிறது என்று புரூக்ஸ் தரப்பும் வெஸ்பா தரப்பும் சேர்ந்து 2015இல் அளந்தார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு, லாக்டேட்டிலிருந்து உடல் தானே செய்துகொண்ட குளுக்கோஸ். உடம்பு இந்த வேலையை நம்மைக் கேட்காமலேயே ஆரம்பித்துவிடுகிறது.

சந்தேகப்பிராணி

நொதிக்காரி மேடம், விளக்கம் பிரமாதம். ஆனால் தலைக்காய ஆராய்ச்சியின் சுடுகாட்டில் இதே மாதிரி பிரமாதமான விளக்கங்கள் நிறையப் புதைந்து கிடக்கின்றன.

ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும் என்று வருடக்கணக்கில் கொடுத்தார்கள். 2004இல் க்ராஷ் ஆய்வு வந்தது, 10,008 நோயாளிகள். இரண்டு வாரத்தில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 21.1 சதவீதம், மற்ற குழுவில் 17.9. காப்பாற்றும் என்று நம்பிய மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. அப்புறம் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன். எலியில் அபாரம், சிறிய ஆய்வுகளில் அபாரம். 2014இல் 882 பேரும் 1,195 பேரும் கொண்ட இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றும் இல்லை. நம் ஊர் டிஸ்சார்ஜ் சீட்டில் தவறாமல் இடம்பிடிக்கும் சிட்டிகோலினும் 2012இல் 1,213 பேரிடம் சோதிக்கப்பட்டது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட ஒரு பலனும் இல்லை. ஆனாலும் பார்மசியில் ஜாம் ஜாமென்று போகிறது.

லாக்டேட்டுக்கு எத்தனை பேரிடம் ஆய்வு நடந்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

நொதிக்காரி

நியாயமான கேள்வி. பெரிய எண்கள் இல்லை.

லோசானில் பூசா, ஓடோ குழு, 2014: கடுமையான தலைக்காயம் பட்ட 15 பேர், அடர்த்தியான சோடியம் லாக்டேட் மூன்று மணி நேரம், ரத்த லாக்டேட் 5 மில்லிமோல் வாக்கில் வரும்படி. மூளைக்குள் லாக்டேட், பைருவேட், குளுக்கோஸ் மூன்றும் ஏறின. குளுட்டமேட்டும் மண்டை அழுத்தமும் இறங்கின. இதில் எனக்குப் பிடித்தது குளுக்கோஸ் ஏறியதுதான். லாக்டேட்டை எரித்ததால் குளுக்கோஸ் மிச்சமாகியிருக்கலாம்.

பிரான்சின் நீஸ் நகரில் கரோல் இஷாய் குழு 2009இல் 34 பேரிடம், மண்டை அழுத்தம் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் மேனிட்டாலோடு ஒப்பிட்டது, அழுத்தத்தைக் குறைப்பதில் லாக்டேட் முந்தியது. 2013இல் 60 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு அரை மோலார் சோடியம் லாக்டேட், மறு குழுவுக்குச் சாதா சலைன் (உப்பு நீர்), 48 மணி நேரம். அழுத்தம் எகிறியவர்கள் 36 சதவீதம், சலைன் குழுவில் 66.

சந்தேகப்பிராணி

லோசான் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவே இல்லையே. ஏற்றியதோ உப்படர்த்தி மிகுந்த திரவம். வெறும் 3 சதவீத சலைன் ஏற்றினாலும்தான் மண்டை அழுத்தம் இறங்கும். எரிபொருள் வேலை செய்ததா, உப்பு தண்ணீரை உறிஞ்சியதா? நீஸ் ஆய்வில் எதிரில் நிறுத்தியது சாதா சலைன், அதே அடர்த்தியுள்ள சலைன் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "எரிபொருள் சிகிச்சை" என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஐசியூராத்திரி

இந்த இடத்தில் சந்தேகப்பிராணி பக்கம்தான் நான். லாக்டேட் எரிந்து போனபின் மிஞ்சுவது சோடியம். ரத்தம் காரத்தன்மை பக்கம் நகரும், சோடியம் ஏறும். குளோரைடு சேராமல் சோடியம் கிடைப்பதே மூளை வீக்கத்துக்கு நல்லது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதாவது பலன் உண்மையாகவே இருந்தாலும், காரணம் வேறாக இருக்கலாம்.

கரிசல்காடு

டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். ஆர்எல் பாட்டிலிலும் லாக்டேட் என்றுதானே எழுதியிருக்கிறது? எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறதே. அதையே ஏற்றிவிடலாமே?

ஐசியூராத்திரி

நல்ல வேளை கேட்டீர்கள், பயிற்சி டாக்டர்களே இதில் இடறுவதுண்டு. ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 28 மில்லிமோல் லாக்டேட். நீஸில் கொடுத்தது ஏறக்குறைய 500. பெயர் ஒன்று, சரக்கு வேறு. அதைவிட முக்கியம், ஆர்எல் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது. வீங்கிய மூளைக்கு நீர்த்த திரவம் ஆகாது, அதனால் தலைக்காயத்தில் பெரும்பாலும் நார்மல் சலைன் பக்கம் போவோம்.

இதே காரணத்துக்காகத்தான் "ஏன் சார் குளுக்கோஸ் ஏத்தலை, பிள்ளை சோர்ந்து கிடக்கானே" என்று உறவினர்கள் கேட்டாலும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போட மாட்டோம். அதில் இருக்கும் சர்க்கரை உடம்பில் எரிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர், அது நேரே வீக்கத்தில் சேரும்.

இன்னொன்று. பையனுடைய ரத்த ரிப்போர்ட்டில் லாக்டேட் கூடியிருந்தால் "பரவாயில்லை, எரிபொருள்தானே" என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டு வந்தவருக்கு லாக்டேட் தானாக ஏறியிருந்தால் எங்கோ ரத்தம் கசிகிறதா, உறுப்புகளுக்கு ஓட்டம் போதவில்லையா என்றுதான் முதலில் தேடுவோம்.

வன்னித்தாதி

வணக்கம், நான் இங்கிலாந்தில் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் சொல்லுகிற இலக்கங்கள் எங்கேயிருந்து வருகின்றன என்று ஒருக்கால் சொல்லுறேன்.

மண்டையோட்டில் ஒரு சின்னத் துளை, அதில் ஒரு போல்ட். அழுத்தம் பார்க்கிற கம்பியோடு சேர்த்து மெல்லிய குழாய் ஒன்று மூளைத் திசுவுக்குள் இறங்கும். அதன் நுனியில் 10 மில்லிமீற்றருக்கு ஒரு சவ்வு. நிமிசத்துக்கு 0.3 மைக்ரோலிற்றர் வேகத்தில் திரவம் உள்ளே போய் மூளையில் இருக்கிற சீனி, லாக்டேட், பைருவேட் எல்லாத்தையும் கொஞ்சம் ஏந்திக்கொண்டு வெளியே வரும். ஒரு மணித்தியாலத்துக்குச் சேருவது 18 மைக்ரோலிற்றர், ஒரு துளியில் பாதிகூட இல்லை. அந்தச் சின்னக் குப்பியை மணிக்கொருக்கால் மாற்றி, கட்டிலடி மெசினில் போடுவோம். இரவு வேலையில் கண்ணாடி போடாமல் அந்தக் குப்பியைப் பொருத்த எனக்கு ஏலாது.

நாங்கள் முதலில் பார்ப்பது லாக்டேட்டுக்கும் பைருவேட்டுக்கும் உள்ள விகிதம். சீனி சரியாக எரியாவிட்டால் அது ஏறும். 25க்கு மேலே போனால் கவனம், 40க்கு மேலே போனால் வைத்தியரை எழுப்புவோம். மூளைச் சீனி 0.8 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான்.

கேம்பிரிட்ஜில் இதே குழாயை மறுபக்கமாய் பயன்படுத்தினார்கள். எடுப்பதோடு சேர்த்து கொடுக்கவும் செய்தார்கள். கார்பன் 13 அடையாளம் போட்ட லாக்டேட்டை அதன் வழியாக விட்டு, அதை எரித்து மூளை செய்கிற குளுட்டமின் என்ற பொருளில் அதே அடையாளம் வருவதை 2009இல் காட்டினார்கள். மனித மூளை லாக்டேட்டை எரிக்கிறது என்பதற்கு நேரடி அத்தாட்சி அதுதான். பிறகு சக்சினேட். 2017இல் வந்த ஆய்வில் 9 நோயாளருக்கு 24 மணித்தியாலம் விட்டார்கள், விகிதம் 12 சதவீதம் இறங்கினது. குழாயின் நுனியைச் சுற்றியிருக்கிற கொஞ்ச இடத்துக்குத்தான் அது போய்ச்சேரும், முழு மூளைக்கும் இல்லை.

நொதிக்காரி

வன்னித்தாதி அக்கா, சந்தேகப்பிராணியின் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் பதிவில் இருக்கிறது! குழாய் வழியாக அந்தச் சிறு இடத்தில் மட்டும் விடும்போது ரத்தத்தின் உப்படர்த்தி மாறுவதில்லை. அங்கேயும் லாக்டேட் எரிகிறது, சக்சினேட் விகிதத்தை இறக்குகிறது. ஆக எரிபொருள் வேலை என்பது வெறும் உப்பின் மாயம் இல்லை.

சந்தேகப்பிராணி

எரிகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். எரிந்ததால் ஆள் எழுந்து நடந்தாரா? ஆறு மாதம் கழித்து வேலைக்குப் போனாரா? 9 பேர், 15 பேரை வைத்து அதைச் சொல்ல முடியாது. நான் கேட்பது அந்த ஒன்றுதான்.

நொதிக்காரி

அதற்குப் பதில் தரும் அளவில் ஆய்வு நடக்கவில்லை. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கரிசல்காடு

கீட்டோன் பக்கம் யாரும் வரவில்லையே. சித்தப்பா வாசலில் நிற்கிறார்.

பத்தியக்கணக்கு

நான் மருத்துவமனை டயட்டீஷியன், இது என் பேட்டை.

பட்டினியில் மூளை கீட்டோனுக்கு மாறும் என்பது 1967இலிருந்தே தெரியும். வாரக்கணக்கில் உண்ணாதிருந்தவர்களிடம் ஜார்ஜ் கேஹில் குழு அளந்தபோது மூளைக்கு முக்கிய எரிபொருளே அதுதான் என்று கண்டார்கள். தலைக்காயத்தில் லாஸ் ஏஞ்சலஸின் மயூமி பிரின்ஸ் 2005இல் எலிகளுக்கு அடிபட்டபின் கீட்டோ உணவு (கொழுப்பு மிகுந்தது, மாவுச்சத்து குறைந்தது) கொடுத்தார். 35, 45 நாள் வயதுள்ள எலிகளில் காயத்தின் அளவு சுருங்கியது. 17 நாள் குட்டியிலும் 65 நாள் வளர்ந்த எலியிலும் பலன் இல்லை. வயதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஃபார்வர்டு எழுதியவர் இந்தப் பாதியை வசதியாக விட்டுவிட்டார்.

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். சீக்கிரம் கீட்டோன் ஆகக்கூடியவை அதன் 8, 10 கார்பன் கொழுப்பு அமிலங்கள். அவை அதில் கொஞ்சம்தான். பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், அது பெரும்பாலும் சாதாரணக் கொழுப்பு போகும் பாதையில்தான் போகும். அந்த 8, 10 கார்பன் கொழுப்பை எம்சிடி எண்ணெய் என்று தனியாகப் பிரித்து விற்பது வேறு பொருள். சரி, அதையே கொடுத்தாலும், பக்கத்தில் மாவுச்சத்துள்ள ட்யூப் ஃபீடும் இன்சுலினும் ஓடும்போது கல்லீரல் கீட்டோன் செய்வதை வெகுவாகக் குறைத்துவிடும். செக்கில் ஆட்டினாலும் சரி, மரத்திலிருந்து நேற்று பறித்தாலும் சரி.

இவ்வளவு பேசுகிறோமே, மிகச் சாதாரண எரிபொருளை மறந்துவிட்டோம். அதாவது சோறு. கடுமையான தலைக்காயத்தில் மயங்கிக் கிடப்பவரின் உடல், பார்க்க அசையாமல் இருந்தாலும், வழக்கத்தைவிட அதிகம் எரிக்கும், தசை கரையும். நியூயார்க் மாநிலத்தில் 797 நோயாளிகளின் கணக்கை 2008இல் பார்த்தார்கள். கிலோவுக்கு 10 கலோரி குறைந்தால் இறப்பு 30 முதல் 40 சதவீதம் கூடியிருந்தது. இது கவனித்து எழுதிய கணக்குதான், சீட்டுக் குலுக்கிப் போட்ட ஆய்வு இல்லை, ரொம்ப மோசமாக இருப்பவருக்கு ஊட்டுவதே கடினம் என்பதும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் 2016இல் வந்த அமெரிக்க மூளைக்காய அறக்கட்டளையின் நான்காம் பதிப்பு வழிகாட்டி, ஐந்தாம் நாளுக்குள், தவறினாலும் ஏழாம் நாளுக்குள், அடிப்படைக் கலோரி முழுவதும் போய்ச்சேர வேண்டும் என்கிறது. லாக்டேட்டுக்கோ கீட்டோனுக்கோ அதில் பரிந்துரை இல்லை.

நான் வார்டில் தினமும் பார்க்கும் கூத்தைச் சொல்கிறேன். சார்ட்டில் 1,800 கலோரி எழுதியிருக்கும். காலையில் சிடி ஸ்கேனுக்கு ஃபீடை நிறுத்துவார்கள், மதியம் ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்) போட நிறுத்துவார்கள், சாயங்காலம் வயிற்றில் மிச்சம் நிற்கிறது என்று நிறுத்துவார்கள். கூட்டிப் பார்த்தால் 900 போயிருக்கும். யார் மேலும் தப்பில்லை, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை யாராவது ஒருவர் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஐசியூராத்திரி

மேடம் சொன்னதோடு சர்க்கரை அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஐசியூவில் ரத்தச் சர்க்கரையை 110க்குக் கீழே இறுக்கிப் பிடிப்பதுதான் நாகரிகம். வெஸ்பா குழு 2006இல் தலைக்காயத்தில் இதைப் பார்த்தது. ரத்தத்தில் சர்க்கரை அழகாக இருந்தவர்களின் மூளைக்குள் குளுக்கோஸ் சரிந்து, வன்னித்தாதி சொன்ன விகிதம் ஏறியிருந்தது. ஆள் தேறியதிலும் வித்தியாசம் இல்லை. அதனால் இப்போது 140க்கும் 180க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவோம். மானிட்டரில் 165 என்று பார்த்துவிட்டு "சுகர் கன்ட்ரோல் இல்லையே" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம்.

நிர்வாகி

இழை நன்றாகப் போகிறது. தனிச்செய்தியில் ஸ்கேன் படம் அனுப்பி மருந்து கேட்பவர்கள் தயவுசெய்து நிறுத்தவும்.

ஆத்தூரான்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜிம்முக்குப் போகும் பையன்கள் சாப்பிடும் கிரியேட்டினும் தலைக்காயத்துக்கு நல்லது என்று படித்தேன், உண்மையா?

நொதிக்காரி

கிரீஸில் 2006இல் 39 குழந்தைகள், பதின்வயதினரிடம் ஒரு சிறு ஆய்வு. கிலோவுக்கு 0.4 கிராம், ஆறு மாதம். கொடுத்த குழுவில் ஐசியூ நாட்கள் குறைந்தன, தலைவலியும் சோர்வும் குறைந்தன. வெறும் மாத்திரை வைத்து ஒப்பிடவில்லை, யாருக்கு எது என்பது தெரிந்தே கொடுத்தார்கள். கிரியேட்டின் எரிபொருள் இல்லை, ஏடிபியை உடனுக்குடன் நிரப்பும் கையிருப்பு. ஆசையாக இருக்கிறது, ஆனால் அதே கதைதான், பெரிய ஆய்வு வேண்டும்.

கரிசல்காடு

எல்லாருக்கும் நன்றி. இழையைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். லாரிக் அமிலம் வரை படித்துவிட்டு "சரி, எண்ணெய் வேண்டாம், இளநீராவது கொடுக்கலாமா கேள்" என்கிறார். டாக்டரிடம் வேறு என்ன கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஐசியூராத்திரி

இளநீரும் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. இந்த நேரத்தில் பையனின் சோடியம் இறங்கினால் மூளை வீங்கும், அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் உள்ளே இவ்வளவு பாடு.

கேட்க வேண்டியவை: ஃபீட் எப்போது ஆரம்பித்தீர்கள், நேற்று நினைத்ததில் எவ்வளவு உள்ளே போனது, புரதம் எவ்வளவு, சோடியமும் சர்க்கரையும் எங்கே இருக்கிறது. லாக்டேட் ஏற்றுவீர்களா என்று கேட்டாலும் தப்பில்லை. ஆனால் அரை மோலார் லாக்டேட்டை இந்த வேலைக்கென்று வார்டு அலமாரியில் யாரும் வைத்திருப்பதில்லை. இல்லை என்று சொன்னால் அவர்கள் எதையும் உங்களிடமிருந்து மறைக்கவில்லை.

பத்தியக்கணக்கு

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் டயட்டீஷியனும் கூட வருகிறாரா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அவர் வேறு நேரத்தில் வந்து சார்ட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார், உங்கள் கண்ணில் படவே மாட்டார். கலோரிக் கணக்கு அவரிடம்தான் இருக்கும்.